நட்டோக்: காணாமல் போன மூன்றாவது ‘ட்’

ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து இரவு பதினோரு மணியை ஒட்டி ஒரு ரயில் பெர்கனுக்குக் கிளம்பும். நார்வேக்காரர்கள் அதை ‘நட்டோக்’ என்பார்கள். இரவு ரயில் என்று பொருள். தெற்கே கடல் தாண்டி டென்மார்க்கில் இரவு ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் அங்கேயும் அதே சொல்தான், எழுத்துக்கு எழுத்து மாறாமல். ரோமன் எழுத்தில் எழுதினால் ஆறே எழுத்து, நடுவில் இரண்டு ‘ட்’.

அக்கம்பக்கத்து மொழிகள்தானே, ஒரே சொல் இருப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சொல்லைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. டேனிஷ்காரர் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டி இந்தச் சொல்லுக்கு வருகிறார். நார்வேக்காரர் இரண்டும் ஒன்றும் இரண்டு என்று கூட்டி அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்.

கணக்கைக் காட்டிவிடுகிறேன். அவர்கள் எழுதும் ஒவ்வொரு ‘டி’ (t) எழுத்துக்கும் இங்கே ஒரு ‘ட்’ போட்டுக்கொள்வோம். தமிழில் புள்ளி இருப்பது இந்த வேலைக்கு மிகவும் வசதி. டேனிஷில் இரவு என்றால் ‘நட்’, ஒரே ஒரு ட். நார்வேஜியனில் அதையே ‘நட்ட்’ என்று இரண்டு போட்டு எழுதுகிறார்கள். ரயில் இரண்டு மொழியிலும் ‘டோக்’. டேனிஷ்: நட் + டோக் = நட்டோக். சரியாக வருகிறது. நார்வேஜியன்: நட்ட் + டோக் = நட்ட்டோக். மூன்று ட் வர வேண்டும். ஆனால் எந்த நார்வேக்காரரும் அப்படி எழுதுவதில்லை. ஒன்றை விழுங்கிவிட்டு ‘நட்டோக்’ என்றே எழுதுகிறார்.

முதலில் டேனிஷ்காரர் ஏன் ஒரு ட்டோடு நிறுத்திக்கொள்கிறார் என்று பார்ப்போம். டேனிஷில் ஒரு சொல் மெய்யில் முடிந்தால், முன்னால் இருப்பது குறிலாகவே இருந்தாலும், அந்த மெய்யை ஒரு தடவைதான் எழுதுவார்கள். பின்னால் ஓர் உயிர் வந்து ஒட்டும்போதுதான் அது இரட்டிக்கும். ‘நட்’ என்றால் இரவு. ‘அந்த இரவு’ என்று குறிப்பாகச் சொல்ல ‘என்’ என்ற விகுதியைச் சேர்த்தால் ‘நட்டென்’. இதைப் படிக்கும் உங்களுக்கு எட்டாம் வகுப்பு இலக்கணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும்: கண் + இல் = கண்ணில், கல் + இல் = கல்லில். ‘கண்’ என்று தனியாக எழுதும்போது யாரும் இரண்டு ண் போடுவதில்லை. டேனிஷ்காரரும் அதே கட்சி.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். நாம் ‘கண்ணில்’ என்னும்போது ண் உண்மையிலேயே அழுந்தி ஒலிக்கிறது. டேனிஷில் அப்படி இல்லை. அங்கே இரட்டை எழுத்து என்பது ‘முன்னால் இருப்பது குறில்’ என்று வாசிப்பவருக்குக் காட்டும் அடையாளம் மட்டும்தான்.

நார்வேக்காரர் வேறு கட்சி. குறிலுக்குப் பின் வரும் மெய் நீண்டு ஒலிக்கிறதா, அப்படியென்றால் சொல்லின் கடைசியிலும் இரண்டு எழுத்து போடு என்பது அவர் விதி. கல்லை எப்போதும் ‘கல்ல்’ என்றே எழுதுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ‘நட்ட்’. ம் மட்டும் விதிவிலக்கு, சொல்லின் கடைசியில் அதை இரட்டிக்க மாட்டார்கள். ஏன் அதற்கு மட்டும் சலுகை என்று கேட்காதீர்கள், எழுத்து விதிகளில் இப்படி ஒரு செல்லப்பிள்ளை எப்போதும் இருக்கும்.

அப்புறம் இன்னொரு விதி: ஒரே மெய் மூன்று அடுத்தடுத்து வந்தால் இரண்டோடு நிறுத்து. இரண்டு சொல்லைச் சேர்க்கும்போதுதான் இந்த நிலைமை வரும். நட்டோக் மட்டுமல்ல, இன்னும் நிறைய உண்டு. பாண்டு வாத்தியக் குழுவுக்கு நார்வேயில் ‘மூசிக்கோர்ப்ஸ்’ என்று பெயர். மூசிக்க் + கோர்ப்ஸ், மூன்றில் ஒரு க் போய்விட்டது. டேனிஷிலும் மூசிக்கோர்ப்ஸ்தான், ஆனால் அங்கே மூசிக் + கோர்ப்ஸ், எதுவும் போகவில்லை. இரவு ரயிலுக்கு நடந்த அதே கதை.

இந்த விதியால் வரும் வேடிக்கையும் உண்டு. நார்வேயில் காட்டு சால்மன் மீனுக்கு ‘வில்லாக்ஸ்’ என்று பெயர். பண்ணையில் வளராமல் ஆற்றிலும் கடலிலும் தானாக வளர்ந்த மீன். ‘வில்ல்’ என்றால் காட்டுத்தனமான, ‘லாக்ஸ்’ என்றால் சால்மன். மூன்று ல் இரண்டானதும் சொல்லின் முகப்பில் ‘வில்லா’ என்ற பங்களா முளைத்துவிடுகிறது. கண் ஒரு கணம் பங்களாவுக்குள் போய்விட்டுத்தான் மீனிடம் திரும்புகிறது. டேனிஷில் காட்டுத்தனமான என்பதற்கான சொல்லின் கடைசியில் d எழுத்து ஒன்று இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

இதே விதி ஸ்வீடிஷிலும் உண்டு. அங்கே எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ‘கிளாஸ்ஸ்கோ’. ஸ்காட்லாந்து ஊர் இல்லை. ‘கிளாஸ்’ கண்ணாடி, ‘ஸ்கோ’ காலணி. சேர்த்தால் கண்ணாடிக் காலணி. ‘கிளாஸ்ஸ்’ ஐஸ்கிரீம், ‘கோ’ பசு. சேர்த்தால் ஐஸ்கிரீம் பசு. ஐஸ்கிரீமையும் காலணியையும் சேர்த்தாலும் ஒரு ஸ் விழுந்து அதே கிளாஸ்ஸ்கோதான். எந்தக் காலணி, எந்தப் பசு என்பதை வாக்கியம் சொன்னால்தான் உண்டு.

ஜெர்மானியர்களும் ஒரு காலத்தில் இப்படி மூன்றை இரண்டாக்கியவர்கள்தான். கப்பல் போக்குவரத்துக்கான அவர்களுடைய சொல்லில் மூன்று எஃப் வர வேண்டும். பழைய முறையில் இரண்டுதான் எழுதினார்கள். 1996 எழுத்துச் சீர்திருத்தத்தில் மூன்றையும் எழுதச் சொல்லிவிட்டார்கள். பார்க்க வேலியில் கம்பி நட்ட மாதிரி இருக்கும். கணக்கு சரி என்றாலும் கண்ணுக்கு அழகில்லை என்பது என் கருத்து. நமக்கும் மூன்று மெய் சேர்ந்து வரும், ‘வாய்க்கால்’ போல. ஆனால் ஒரே மெய் மூன்று முறை என்பதைத் தமிழ்க் காது தாங்காது.

காணாமல் போன மூன்றாவது ட் நார்வேயில் நிரந்தரமாகப் போய்விடவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். செய்தித்தாள் பத்தியில் வரி முடியும் இடத்தில் இந்தச் சொல் மாட்டிக்கொண்டால் சிறுகோடு போட்டு உடைக்க வேண்டும் அல்லவா? அப்போது அது திரும்பி வந்துவிடும். மேல் வரியின் கடைசியில் ‘நட்ட்-’, கீழ் வரியின் தொடக்கத்தில் ‘டோக்’. வரி நடுவில் இருந்தால் இரண்டு, வரி உடைந்தால் மூன்று. டென்மார்க் பத்திரிகையில் இதே சொல் உடைந்தால் ‘நட்-’, ‘டோக்’, அவ்வளவுதான். முழுதாக இருக்கும்வரை இரட்டைப் பிள்ளைகள் போல இருந்த இரண்டு சொல்லும் உடையும்போது தனித்தனி வீட்டுக்குப் போய்விடுகின்றன. வரியைத் தானாக உடைக்கும் மென்பொருள் எழுதுகிறவருக்கு இது ஒரு தலைவலி. சொல்லில் இல்லாத எழுத்தை அது எங்கிருந்தோ கொண்டுவந்து போட வேண்டும்.

ரயிலை விட்டுவிட்டு இரவுப் பேருந்தைப் பார்த்தால், நட்டோக்கின் ஒற்றுமை எவ்வளவு தற்செயலானது என்பது தெரியும். டேனிஷில் ‘நட்புஸ்’, நார்வேஜியனில் ‘நட்ட்புஸ்ஸ்’. ட் இருக்கும் இடத்திலும் வேறுபாடு, ஸ் இருக்கும் இடத்திலும் வேறுபாடு. இரவு என்ற அதே சொல்தான், ஆனால் பின்னால் வருவது ப என்பதால் மறைந்துகொள்ள இடமில்லை. ரயிலுக்கான சொல் ட்-இல் தொடங்கியது. அதனால்தான் வேறுபாடு மூடிக்கொண்டது.

இந்த இரண்டு எழுத்து முறைகளும் எப்போது பிரிந்தன? 1814 வரை நார்வே டென்மார்க் மன்னரின் கீழ் இருந்தது. ஆட்சி போன பிறகும் எழுத்து போகவில்லை. பேசுவது நார்வேப் பேச்சு, எழுதுவது டேனிஷ் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1854இல் அன்று கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட ஒஸ்லோவிலிருந்து எய்ட்ஸ்வோலுக்கு நார்வேயின் முதல் ரயில் ஓடியபோது, படித்தவர்கள் இரவை ‘நட்’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1907இலும் 1917இலும் வந்த சீர்திருத்தங்கள் டேனிஷ் உடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைந்தன. புத்தகத்தைக் குறிக்கும் ‘போக்’ என்ற சொல்லின் கடைசியில் இருந்த மெல்லிய ஜி, நார்வேக்காரர் வாயில் ஒலிப்பது போலவே வல்லின கே ஆனது. இரவுக்கு இரண்டாவது ட் கிடைத்தது.

இரவு ரயிலுக்கு? ஒன்றும் ஆகவில்லை. பழைய முறையில் நட் + டோக், இரண்டு ட். புதிய முறையில் ஒரு ட் கூடியது, மூன்றை இரண்டாக்கும் விதி அதை எடுத்துக்கொண்டது, மறுபடி இரண்டு ட். வீட்டின் அஸ்திவாரத்தையே மாற்றிக் கட்டியும் வாசல் கதவு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இனி இரண்டாம் பாதி, ‘டோக்’. இழுப்பது என்ற வேரிலிருந்து வந்தது. ரயிலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘ட்ஸூக்’கும் இழுப்பிலிருந்து வந்ததுதான், ரயிலுக்குப் பெயர் வைக்க வேண்டியபோது அந்த ஜெர்மன் சொல்லின் சாயலில் வடக்கே ‘டோக்’ என்றார்கள். ஆங்கில ட்ரெயினுக்குள் இருப்பதும் பிரெஞ்சிலிருந்து வந்த இழுப்புதான். நாம் தண்டவாளத்தைப் பார்த்து ‘ரயில்’ என்கிறோம், பெட்டிகள் தொடர்ந்து போவதைப் பார்த்து ‘தொடர்வண்டி’ என்கிறோம். அவர்கள் பார்த்தது இழுவையை. இதே குடும்பத்தின் இன்னொரு மொழியான ஐஸ்லாண்டிக்கில் ரயிலுக்கு ‘லெஸ்ட்’ என்று பெயர். முன்பு அது வரிசையாகப் போகும் பொதிக்குதிரைகளைக் குறித்த சொல். நம் ‘தொடர்வண்டி’ என்ற சொல்லுக்கு உறவுக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் ஐஸ்லாந்தில் ரயில் பாதையே கிடையாது.

இழுவையிலிருந்து ‘டோக்’ இன்னொரு பக்கமும் போயிருக்கிறது: வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் எதுவும் டோக்தான். சிலுவைப் போர் ‘கோர்ஸ்டோக்’, சிலுவை ஊர்வலம். தீவட்டி ஊர்வலம் ‘ஃபக்கெல்டோக்’. மே 17, நார்வேயின் அரசியல் சாசன நாளில் பள்ளிக் குழந்தைகள் கொடி பிடித்துத் தெருவில் போவார்கள். ஒஸ்லோவில் அந்த ஊர்வலம் அரண்மனை முன்னால் போகும்போது மன்னர் குடும்பம் மாடத்தில் நின்று கையசைக்கும். அதற்குப் பெயர் ‘பார்னெடோக்’. அகராதியை வைத்துக்கொண்டு மொழி கற்கும் வெளியூர்க்காரர் அதைக் குழந்தைகளுக்கான ரயில் என்று நினைத்தால் அவர் மேல் தப்பில்லை.

டேனிஷில் இன்னொரு தொல்லை. ‘எடுத்தான்’, ‘பிடித்தான்’ என்ற இறந்தகால வினையையும் ‘டோக்’ என்றே எழுதுகிறார்கள். ‘அவன் ரயில் பிடித்தான்’ என்று எழுதினால் வாக்கியத்தில் டோக் இரண்டு தடவை வரும், ஒன்று வினை, ஒன்று பெயர். பேச்சில் குழப்பம் இல்லை. வினையை ‘டோ’ என்றும் ரயிலைக் கிட்டத்தட்ட ‘டவ்’ என்றும் சொல்வார்கள், தொண்டையில் ஒரு சின்ன வெட்டோடு. நார்வேயில் வினையின் கடைசி எழுத்தும் புத்தகத்தின் வழியிலேயே கே ஆகிவிட்டது. ரயிலை மட்டும் ஜி-யோடு விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வாயில் அது ஜி-தான்.

ஆக, எழுத்தில் ஒன்றாக இருக்கும் நட்டோக் காதில் ஒன்றாக இல்லை. நார்வேக்காரர் சொன்னால் நாம் தமிழில் எழுதியிருப்பதற்குப் பக்கத்தில் இருக்கும்: நட்டை அழுத்தி, டோகை நீட்டி, கடைசி மெய்யைத் தெளிவாக. டேனிஷ்காரர் சொன்னால் ‘நட்டவ்’ மாதிரி கேட்கும். கூர்ந்து கேட்டால் அவருடைய இரண்டு ட்டும் ஒன்றல்ல என்பது தெரியும். முதல் ட் ட-வை மென்று விழுங்கியது போல மந்தமானது. இரண்டாவது காற்றோடு வெடித்து, கொஞ்சம் ‘ட்ஸ’ என்று சீறும். அவர் உண்மையிலேயே இரண்டு ட் சொல்கிறார், நார்வேக்காரர் ஒரு நீண்ட ட் சொல்கிறார். எழுத்தில் ஒரு ட்டைத் தொலைத்தவர் பேச்சில் அதை நீட்டி வைத்திருக்கிறார் என்று சொல்லலாம்.

இரண்டு சொல்லையும் ஒட்டாமல் இடைவெளி விட்டு எழுதினால் என்ன? அப்படி எழுதுவது இரண்டு நாட்டிலும் பிழை. நார்வேயில் மொழி ஆர்வலர்கள் கொதிக்கும் பிழை என்றே சொல்லலாம். அன்னாசித் துண்டுகள் ‘அனானஸ்பீட்டர்’. இடைவெளி விட்டு ‘அனானஸ் பீட்டர்’ என்று டப்பாவில் அச்சடித்தால் ‘அன்னாசி கடிக்கும்’ என்று ஆகிவிடும். ‘தந்தப் பலகை’யில் ஒரு ப் விட்டுப்போனால் யாரோ தந்த பலகை ஆகிவிடுகிறதே, அந்த வகைப் பிழை. நாம் ஒற்றைக் காணோம் என்று சண்டை போடுகிறோம், அவர்கள் இடைவெளி ஏன் வந்தது என்று சண்டை போடுகிறார்கள்.

சரி, சொல் இருக்கிறது; ரயில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு இரண்டு நாடும் இரண்டு விதமாகப் பதில் சொல்லும்.

நார்வேயில் நட்டோக் அன்றாடச் சொல். ஒஸ்லோவிலிருந்து பெர்கன், ட்ரொன்ட்ஹெய்ம், ஸ்டவாங்கர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் இரவு ரயில் உண்டு; ட்ரொன்ட்ஹெய்மிலிருந்து வடக்கே பூடோவுக்கு இன்னொன்று. நாடு நீளம், மலை அதிகம், பாதை பெரும்பாலும் ஒற்றைத் தடம், வேகம் குறைவு. 1909இல் திறந்த பெர்கன் பாதை 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நிலையத்தைத் தாண்டிப் போகிறது. ஏழு மணி நேரம் உட்கார்ந்து பகலை வீணாக்குவதைவிடத் தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்பது நியாயமான கணக்கு. விமானத்தின் போட்டி கடுமையானது. ஒஸ்லோவிலிருந்து பெர்கனுக்கும் ட்ரொன்ட்ஹெய்முக்கும் போகும் வான்வழிகள் ஐரோப்பாவின் நெரிசலான உள்நாட்டு வழிகளில் சேர்ந்தவை. அப்படியும் இரவு ரயில் நிற்கவில்லை.

பூடோ ரயில் தனிக் கதை. 729 கிலோமீட்டர், 1962இல்தான் பாதை பூடோ வரை முடிந்தது. ஸால்ட்ஃபியெல் மேட்டுநிலத்தில் அது ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் அந்த ரயிலில் போனால் ஜன்னலுக்கு வெளியே இருட்டே வராது. படுக்கைப் பெட்டியின் திரையை இழுத்து மூடித்தான் இரவை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இரவே இல்லாத இரவு ரயில். அப்போதும் அதற்குப் பெயர் நட்டோக்தான்.

டென்மார்க்கில் கதை தலைகீழ். அது சின்ன நாடு, தீவுகளாகச் சிதறிய நாடு. முன்பு தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து மேற்கே யூட்லாண்ட் தீபகற்பத்துக்குப் போக வேண்டுமென்றால் ஸ்டோர்பெல்ட் நீரிணையில் ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றிக் கடத்தினார்கள். 1883இல் தொடங்கிய ஏற்பாடு அது. தூரம் குறைவு, ஆனால் படகில் ஏற்றி இறக்கும் நேரம் பயணத்தை நீட்டியது. 1997இல் நீரிணைக்குக் குறுக்கே ரயில் பாதை திறந்தது. இப்போது கோபன்ஹேகனிலிருந்து யூட்லாண்டில் இருக்கும் ஓர்ஹுஸ் நகருக்குச் சுமார் மூன்று மணி நேரம். தலையணையில் தலை வைப்பதற்குள் ஊர் வந்துவிடும் நாட்டில் உள்ளூர் இரவு ரயிலுக்கு என்ன வேலை?

அதனால் டேனிஷில் நட்டோக் என்றால் நினைவுக்கு வருவது வெளிநாடு. ஆம்ஸ்டர்டாம், பாசல், பிராக் என்று கோபன்ஹேகனிலிருந்து போய்க்கொண்டிருந்த இரவு ரயில்கள் 2014 இறுதியில் நின்றுபோயின. பருவநிலையைப் பற்றிய கவலையில் விமானத்தைத் தவிர்க்க நினைக்கும் கூட்டம் வளர்ந்த பிறகு சொல்லுக்கு மறுபடி உயிர் வந்தது. 2022 செப்டம்பரில் ஸ்வீடனின் அரசு ரயில் நிறுவனம் ஸ்டாக்ஹோமிலிருந்து டென்மார்க் வழியாக ஹாம்பர்க்குக்கு ஓர் இரவு ரயிலைத் தொடங்கியது. ஸ்வீடனில் கிளம்பும்போது அதன் பெயர் ‘நட்டோக்’. ஆனால் அங்கே இந்தச் சொல்லில் ஓ எழுத்து கிடையாது, தலையில் வட்டம் வைத்த ஏ எழுத்து. நார்வேக்காரர் ஓ போட்டு எழுதிவிட்டு உச்சரிப்பது அந்த ஸ்வீடிஷ் ஒலியைத்தான் என்பது இன்னொரு வேடிக்கை. டென்மார்க் மண்ணில் ஏறியதும் எழுத்து மாறுகிறது, ஒலியும் மாறுகிறது. ஜெர்மன் எல்லை தாண்டினால் ‘நாஹ்ட்ட்ஸூக்’. ஒரே ரயில், ஒரே படுக்கை.

ஒஸ்லோவுக்கும் கோபன்ஹேகனுக்கும் நடுவே நேரடி இரவு ரயில் இப்போது இல்லை. இரண்டு தலைநகரங்களுக்கிடையில் இரவில் தூங்கிக்கொண்டே போக வேண்டுமென்றால் கப்பல்தான். மாலையில் ஏறினால் காலையில் இறங்கலாம். அந்தக் கப்பலுக்கு டென்மார்க்காரர் வைத்த பெயர் ‘ஒஸ்லோ படகு’. நார்வேக்காரர் அதை ‘டேனிஷ் படகு’ என்கிறார்.